உபதேசியார் வளர்த்த சபை

மதுரை அரசரடியிலிருந்து மேற்கே தேனி நோக்கிச் செல்லும் சாலை, காளவாசல், அச்சம்பத்து, நாகமலை புதுக்கோட்டை, செக்கானூரணி ஆகிய ஊர்களைக் கடந்து கருமாத்தூரை அடைகிறது. இச்சாலையின் கிழக்கு முனையில், 1969ஆம் ஆண்டு முதல் சீர்திருத்த சபைகளுக்குப் போதகர்களைப் பயிற்றுவித்து வரும் தமிழ்நாடு இறையியல் கல்லூரி இருக்கிறது. மேற்கே கருமாத்தூரில், இயேசு சபைத் துறவியர் நடத்தும் அருள் ஆனந்தர் கல்லூரி இருக்கிறது. நாகமலை புதுக்கோட்டைக்குத் தென்கிழக்கே, திருமங்கலம் சாலையில், அமெரிக்க மிஷனரிகள் 1845இல் தங்கள் பயிற்சிப் பள்ளியைக் கொண்டுவந்த பசுமலை இருக்கிறது. இவற்றின் வரலாற்றைச் சொல்லத் தொடங்குவோர் பெரும்பாலும் ராபர்ட் தெ நொபிலி, ஜான் தெ பிரிட்டோ, வீரமாமுனிவர் என்று கடல் கடந்து வந்த குருமாரின் பெயர்களிலேயே தொடங்கி, அவர்களோடே முடித்தும் விடுகிறார்கள். அக்குருமார் எழுதிய கடிதங்களையே கூர்ந்து படித்தால் வேறொரு கூட்டம் தென்படுகிறது: ஊர் ஊராக நடந்து, செபம் சொல்லிக் கொடுத்து, பிணத்தை அடக்கம் செய்து, சண்டையைத் தீர்த்து வைத்து, குருவானவர் வராத மாதங்களிலும் சபை கலையாமல் பார்த்துக்கொண்ட உள்ளூர் மனிதர்கள். துறவறமும் குருப்பட்டமும் இல்லாத இவர்களைச் சீர்திருத்த சபையார் உபதேசியார் என்றும், கத்தோலிக்கர் உபதேசியார் என்றும் வேதியர் என்றும் அழைத்தனர்.

சாமானியர் சமயப் பணிக்கு அழைக்கப்படுவது என்ற எண்ணத்தின் வேர் நற்செய்தி நூல்களில் இருக்கிறது. இயேசு தம் முதல் சீடர்களை எருசலேம் ஆலயத்தின் ஆசாரியர்களிடையே தேடவில்லை. கலிலேயக் கடலில் வலை வீசிக்கொண்டிருந்த பேதுருவையும் அந்திரேயாவையும், படகில் வலையைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்த யாக்கோபையும் யோவானையும், மக்கள் வெறுத்த வரி வசூல் தொழிலில் இருந்த மத்தேயுவையும் அழைத்தார் என்று அந்நூல்கள் சொல்கின்றன. திருத்தூதர் பவுல் கூடாரம் செய்யும் தொழிலை விடாமலே ஊர் ஊராகச் சபைகளை நிறுவினார். அவருக்குத் துணை நின்றவர்களில் பிரிஸ்கில்லாவும் அக்கில்லாவும் அதே தொழில் செய்த தம்பதியர். லீதியாள் இரத்தாம்பரத் துணி விற்ற வணிகப் பெண். காலப்போக்கில் திருச்சபை விரிந்து அமைப்பாக இறுகியபோது, திருநிலைப்படுத்தப்பட்ட குருக்கள் ஒருபுறமும், கத்தோலிக்கத் தமிழில் பொதுநிலையினர் எனப்படும் ஏனைய மக்கள் மறுபுறமுமாகப் பிரிவு உறுதிப்பட்டது. 1520இல் மார்ட்டின் லூத்தர், திருமுழுக்குப் பெற்ற எல்லோருமே ஆசாரியத் தகுதி உடையவர்கள் என்று வாதிட்டது இந்தப் பிரிவுக்கு எதிராகத்தான். ஆயினும் அவர் வழிவந்த சபைகளிலும் போதகருக்கும் மற்றவர்க்கும் இடையிலான படிநிலை மறைந்துவிடவில்லை என்பதை மதுரையின் வரலாறே காட்டும்.

நொபிலி 1606ஆம் ஆண்டு மதுரைக்கு வந்தபோது, அவருக்குச் சில ஆண்டுகள் முன்பே வந்து முத்துக்குளித்துறையைச் சேர்ந்த பரதவக் கிறிஸ்தவர்களுக்குப் பணியாற்றிக்கொண்டிருந்த கொன்சாலோ பெர்னாண்டஸ் என்ற இயேசு சபைக் குரு, உள்ளூர் மக்களில் எவரையும் ஈர்க்க முடியாமல் இருந்தார். நொபிலி காவி உடுத்து, புலால் நீக்கி, தம்மைத் துறவியாக அறிவித்துக்கொண்டு, தத்துவ போதகர் என்ற பெயரோடு வாழ்ந்த கதை பலரும் அறிந்ததே. அதிகம் பேசப்படாதது, அவர் ஒவ்வோர் அடியிலும் பிறரைச் சார்ந்திருந்தார் என்பது. அவரால் முதலில் திருமுழுக்குப் பெற்றவர் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக் கொடுத்த ஆசிரியர் ஒருவர். அவருக்கு வடமொழி கற்பித்த சிவதர்மர் என்ற பிராமணர் பின்னர் கிறிஸ்தவரானார். 1640 முதல் பண்டார சாமிகள் என்ற இன்னொரு வகைத் துறவிகள் உருவாக்கப்பட்டனர். பிராமணத் துறவியாக வாழ்ந்த குரு அணுக முடியாத சாதியினரிடம் சென்று பழகுவதே இவர்கள் வேலை. இந்த ஏற்பாடு சாதி வரம்புகளை உடைக்காமல் அவற்றுக்குள்ளேயே நின்று செயல்பட்டது என்ற குற்றச்சாட்டு அன்றும் எழுந்தது, இன்றும் எழுகிறது; அதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் பிராமணத் துறவியும் பண்டார சாமியும் சேர்ந்தே ஒரு கை விரல்களை அதிகம் தாண்டாத எண்ணிக்கையில்தான் இருந்தார்கள். மதுரை மறைப்பணித் தளம் என்று அழைக்கப்பட்ட பரப்போ, காவிரிக் கரையிலிருந்து மறவர் சீமை வரையும் அதற்கப்பாலும் விரிந்திருந்தது. ஓர் ஊருக்குக் குருவானவர் ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ வந்தால் பெரிது. போர் நடந்தாலும் பஞ்சம் வந்தாலும் அதுவும் இல்லை. எஞ்சிய நாட்கள் முழுவதும் சபை உபதேசியாரின் பொறுப்பில் இருந்தது. அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் மக்களைக் கூட்டிச் செபங்களை முன்மொழிவார், கூட்டம் பின்மொழியும். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு விசுவாசச் சுருக்கத்தை மனப்பாடம் செய்விப்பார். திருமுழுக்குப் பெற விரும்புவோரை மாதக்கணக்கில் தயார்ப்படுத்துவார். யாருக்கு எந்தத் திருமணத் தடை இருக்கிறது, யார் பழைய பகையை விடாமல் வைத்திருக்கிறார்கள் என்று குருவானவர் வரும்போது எடுத்துச் சொல்வார். சாகக் கிடக்கும் குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுப்பதும் அவர் கடமை. நெருக்கடி வேளையில் குருவல்லாத எவரும் திருமுழுக்குக் கொடுக்கலாம் என்பது திருச்சபையின் பழைய விதி. திருப்பலி நிறைவேற்றுதல், பாவ மன்னிப்பு வழங்குதல் போன்ற குருவுக்கே உரிய பணிகள் மட்டுமே அவருக்கு மறுக்கப்பட்டிருந்தன. கிராமத்தவர் கண்ணில் சபை என்பது பெரும்பாலும் இவர்தான் என்று சொன்னால் அது மிகையாகாது.

இந்தப் பணியின் கனத்தை நன்கு உணர்ந்திருந்தவர் வீரமாமுனிவர் என்று தமிழர் அறியும் இத்தாலியர் பெஸ்கி. சதுரகராதி தொகுத்தும் தேம்பாவணி பாடியும் புகழ்பெற்ற அவர், 1720களின் பிற்பகுதியில் வேதியர் ஒழுக்கம் என்ற உரைநடை நூலை எழுதியது புலவர்களுக்காக அன்று, உபதேசிமாருக்காக. பிறருக்குப் போதிப்பவன் முதலில் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும், பணியின் பெருமையை உணர வேண்டும், அதன் கடமைகளில் சலிக்கக் கூடாது என்று அந்நூல் அவர்களோடு நேராகப் பேசுகிறது. தமிழ் உரைநடையின் தொடக்க கால நூல்களில் ஒன்றாக இலக்கிய வரலாற்றாசிரியர் இதை மதிப்பிடுவார்கள். யாருக்காக எழுதப்பட்டது என்பதையும் சேர்த்து நினைத்தால், செய்யுளே கோலோச்சிய காலத்தில், ஊருக்கு ஊர் நடக்கும் ஒரு சாதாரணப் பணியாளனின் தேவை தமிழ் உரைநடையை ஓரடி முன் நகர்த்தியது என்பதும் விளங்கும்.

உபதேசியார் வேலை ஆபத்தில்லாத வேலையும் அன்று. தமிழில் அருள் ஆனந்தர் என்று வழங்கப்படும் ஜான் தெ பிரிட்டோ 1686இல் மறவர் சீமையில் பிடிபட்டபோது, அவரோடு இருந்த உபதேசிமாரும் பிடிக்கப்பட்டுச் சித்திரவதைக்கு உள்ளானார்கள். 1693ஆம் ஆண்டு பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டு இறந்த பிரிட்டோவை 1947இல் போப் பன்னிரண்டாம் பயஸ் புனிதராக அறிவித்தார். கருமாத்தூர்க் கல்லூரி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. உடன் துன்புற்ற உபதேசிமாரின் பெயரால் கல்லூரி எதுவும் எழவில்லை. குருவோ துறவியோ அல்லாத ஓர் இந்தியரைத் திருச்சபை புனிதராக ஏற்பதற்கு அதன் பின்னும் நெடுங்காலம் ஆயிற்று. குமரி மாவட்ட நட்டாலத்தில் 1712இல் பிறந்து திருவிதாங்கூர் அரசில் அலுவலராக இருந்தவர் நீலகண்ட பிள்ளை. குளச்சல் போரில் சிறைப்பட்டுப் பின்னர் திருவிதாங்கூர்ப் படைக்கே தளபதியான டச்சுக் கம்பெனிப் படையினர் தெ லனாய் வழியாக அவர் கிறிஸ்தவத்தை அறிந்து, 1745இல் வடக்கன்குளத்தில் தேவசகாயம் என்ற பெயரில் திருமுழுக்குப் பெற்று, 1752இல் ஆரல்வாய்மொழி அருகே சுட்டுக் கொல்லப்பட்டார். மனைவியோடு குடும்பம் நடத்திய இந்தப் பொதுநிலையினர் புனிதராக அறிவிக்கப்பட்டது 2022ஆம் ஆண்டு மே 15 அன்று.

சாமானியரின் பங்கு எவ்வளவு என்பதை மிகத் தெளிவாகக் காட்டிய காலம், குருமார் இல்லாமற்போன காலமே. 1759இல் போர்ச்சுகல் அரசு இயேசு சபையைத் தன் ஆட்சிப் பகுதிகளிலிருந்து வெளியேற்றியது. 1773இல் போப் பதினான்காம் கிளமெண்ட் அச்சபையையே கலைத்துவிட்டார். புதியவர்கள் வராமல் முதியவர்கள் ஒருவர் பின் ஒருவராக மறைந்தனர். கோவாவிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த சில குருக்கள் இவ்வளவு பெரிய பரப்புக்குப் போதவில்லை. மீட்டு நிறுவப்பட்ட இயேசு சபையின் பிரெஞ்சுத் துறவியர் 1838இல் மதுரைப் பகுதிக்கு வந்தபோது, சிதறியும் மெலிந்தும் இருந்தாலும் கிறிஸ்தவச் சமூகங்கள் ஊர்களில் உயிரோடு இருந்தன. உபதேசிமாரும் ஊர்ப் பெரியவர்களும் கோயிற்பிள்ளைகளும், அதாவது ஆலயத்தைத் திறந்து விளக்கேற்றி மணியடிக்கும் பணியாளர்களும், இரண்டு மூன்று தலைமுறைகள் செபங்களை வாய்மொழியாகக் கடத்தியதன் விளைவு அது. வந்தவர்களுக்கும் இருந்தவர்களுக்கும் இடையே உரிமைச் சச்சரவுகள் எழுந்தன என்பதும் உண்மை. தாங்களே காத்த ஆலயத்தில் புதிதாக வந்தவர் கட்டளையிடுவதை ஊரார் எளிதில் ஏற்கவில்லை என்றால் அதில் வியப்பில்லை.

இதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1834 ஜூலையில், ஹாய்சிங்டன், டாட் என்ற இரண்டு அமெரிக்க மிஷனரிகள் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்து அமெரிக்க மதுரை மிஷனைத் தொடங்கியிருந்தார்கள். அவர்கள் தனியாக வரவில்லை. யாழ்ப்பாணத்து மிஷன் பள்ளிகளில் படித்த தமிழ் உதவியாளர்களும் உடன் வந்தார்கள். கடல் கடந்த மிஷனின் முதல் நாளிலேயே தமிழ் பேசியவர்கள் தமிழர்களாகவே இருந்தார்கள். உபதேசியாரையும் பள்ளி ஆசிரியரையும் உருவாக்குவதற்காக 1842இல் திருமங்கலத்தில் தொடங்கப்பட்ட பயிற்சிப் பள்ளி, மூன்றாண்டுகளில் பசுமலைக்கு மாறியது. அங்குக் கல்லூரி வகுப்புகளும் பின்னர் வளர்ந்து, அவை மதுரை நகருக்குள் இடம்பெயர்ந்து இன்றைய அமெரிக்கன் கல்லூரியாயின.

பசுமலையில் படித்துப் புறப்பட்டவர் ஒரு கிராமத்தில் குடியேறியதும் பகலில் பள்ளி ஆசிரியர், மாலையில் செபக்கூட்டத் தலைவர், ஞாயிறன்று பிரசங்கியார். நிலப் பத்திரம் எழுதவும், தாலுகா கச்சேரிக்கு மனு எழுதவும், காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கவும் ஊரார் தேடி வருவதும் அவரைத்தான். மிஷன் அவருக்குச் சிறு மாதச் சம்பளம் கொடுத்தது. ஆண்டில் சில வாரங்கள் மிஷனரியோடு கூடாரங்களைச் சுமந்த மாட்டுவண்டிகளில் புறப்பட்டுக் கிராமம் கிராமமாகப் பிரசங்கம் செய்வதும் வழக்கம். அப்பயணங்களில் பேச்சைவிடப் பாட்டு அதிக தூரம் சென்றது. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் பாடியவற்றையும் பிறர் பாடியவற்றையும் சேர்த்து, இதே மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் 1853இல் வெளியிட்ட கீர்த்தனைத் தொகுப்பு, கர்நாடக இராகங்களில் அமைந்த கிறிஸ்தவப் பாடல்களைச் சிற்றூர்ச் சபைகளின் பொதுச் சொத்தாக்கியது. சாஸ்திரியாரும் குருப்பட்டம் பெற்றவரல்லர் என்பது இங்கே குறிப்பிடத்தக்கது.

அழைப்பு எல்லோர்க்கும் உரியது என்ற போதனை எங்கே இடறியது என்பதை 1847ஆம் ஆண்டு நிகழ்ச்சி வெளிப்படுத்துகிறது. மிஷன் பணியில் இருப்போர் சாதி வேறுபாட்டைக் கைவிட்டதற்கு அடையாளமாகச் சேர்ந்து உண்ண வேண்டும் என்று அமெரிக்கர்கள் வற்புறுத்தினர். உபதேசிமாரிலும் பசுமலை மாணவர்களிலும் பலர் மறுத்து விலகினார்கள், அல்லது விலக்கப்பட்டார்கள். விலகியவர்களைக் குறை சொல்வது எளிது, சொல்லவும் வேண்டும். அதே வேளையில் இன்னொரு படிநிலையும் கண்ணில் பட வேண்டும்: மேலே மிஷனரி, அவர்க்குக் கீழே திருநிலை பெற்ற உள்ளூர்ப் போதகர், அவர்க்குக் கீழே உபதேசியார், அடியில் பள்ளி ஆசிரியர் என்ற வரிசையில், பந்தியை ஒன்றாக்கியவர்கள் சம்பளத்தையும் அதிகாரத்தையும் ஒன்றாக்கவில்லை.

அந்த வரிசையிலும் சேர்க்கப்படாமல் பணிசெய்தவர்கள் பெண்கள். வீட்டு வாசலைத் தாண்டாத குடும்பப் பெண்களிடம் ஆண் உபதேசியார் செல்ல முடியாது என்பதால், மிஷன்கள் பைபிள் உமன் என்ற பணியை ஏற்படுத்தின. சபையார் பேச்சில் அந்த ஆங்கிலப் பெயரே நிலைத்தது. கைம்பெண்கள் பலர் இதில் சேர்ந்தார்கள். ஒரு பைபிள் உமன் தெருத்தெருவாகப் போய், வீட்டுத் திண்ணையிலோ அடுக்களையிலோ உட்கார்ந்து, எழுத்துக் கற்பித்து, வேதப்பகுதி வாசித்துக் காட்டி, பிள்ளைப்பேறு, நோய், கணவன் அடி ஆகியவற்றைக் கேட்டறிந்து வருவார். மதுரைக்கு 1884இல் வந்த ஈவா ஸ்விப்ட், இவர்களை முறையாகப் பயிற்றுவிக்க 1892இல் தொடங்கிய லூசி பெரி நோபிள் வேதாகமப் பள்ளி, இரட்சணியபுரம் என்ற வளாகமாகப் பின்னர் விரிந்தது. எத்தனை பேர் மதம் மாறினார்கள் என்ற கணக்கால் இப்பெண்களின் பணியை அளப்பது குறுகிய அளவுகோல். மாறாத வீடுகளிலும் அவர்களிடம் எழுத்துக் கற்ற பெண்கள் இருந்தார்கள்.

சம்பளம் வாங்கும் பணியாளரைக் கொண்டே சபையை நடத்துவது சரியா என்ற விவாதம் இருபதாம் நூற்றாண்டில் வலுத்தது. திருநெல்வேலியில் 1903ஆம் ஆண்டு வே. ச. அசரியாவும் அவர் நண்பர்களும் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கம், வெளிநாட்டுப் பணம் பெறாமல் தமிழ்ச் சபையாரின் காணிக்கையால் தமிழர்களைத் தெலுங்குப் பகுதிக்கு அனுப்பியது. சோறு வடிக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்து வைத்துச் சபைக்குக் கொடுக்கும் பிடியரிசிக் காணிக்கை இத்தகைய முயற்சிகளைத் தாங்கிற்று. பின்னர் தோர்ணக்கல் பேராயராகிய அசரியா, திருமுழுக்குப் பெறுவோர் ஒவ்வொருவரையும் தம் கையைத் தம் தலைமேல் வைத்து, நற்செய்தியை அறிவிக்கும் கடமை தமக்கு உண்டு என்று பவுலின் சொற்களில் உறுதி சொல்லச் செய்தார் என்பர். அவர்களில் மிகுதியானோர் எழுத்தறியாத, தீண்டாமைக்கு உள்ளான விவசாயக் கூலிகள்.

1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது மதுரை – இராமநாதபுரம் பேராயராகப் பொறுப்பேற்ற லெஸ்லி நியூபிகின், இந்த விவாதத்தை மதுரைச் சமவெளிக்கே கொண்டுவந்தார். பயிற்சி பெற்ற ஊழியர் ஒருவரை அனுப்பிச் சம்பளம் கொடுக்கப் பணம் கிடைக்கும்வரை ஒரு கிராமச் சபை காத்திருக்க வேண்டும் என்ற ஏற்பாடே அச்சபையைக் குழந்தையாக வைத்திருக்கிறது என்று அவர் கருதினார். அந்தந்த ஊரில் மக்கள் மதிக்கும் ஒருவரைக் கண்டு, அவர் தம் தொழிலை விடாமலே சபையை நடத்தப் பயிற்சி தர வேண்டும் என்பது அவர் வழி. ரோலண்ட் ஆலன் என்ற ஆங்கிலிக்கக் குரு 1912இல் வெளியிட்ட நூலில் பவுலின் முறையை எடுத்துக்காட்டி முன்வைத்த வாதத்தின் தாக்கம் அதில் உண்டு. ஏற்கத்தக்க வாதம்தான், எனினும் பகலெல்லாம் கூலி வேலை செய்பவர் மாலையில் சம்பளமின்றிச் சபையையும் சுமக்க வேண்டும் என்று மாதச் சம்பளம் பெறுவோர் முடிவு செய்வதில் ஒரு நெருடல் இருக்கிறது.

கத்தோலிக்கத் திருச்சபையில் திருப்பம் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தோடு வந்தது. 1962 முதல் 1965 வரை நடந்த இம்மாமன்றம், திருமுழுக்கே எல்லோரையும் பணிக்கு அழைக்கிறது என்று அறிவித்து, பொதுநிலையினரின் பணி பற்றித் தனி ஏட்டையே வெளியிட்டது. அதன் பின் தமிழகப் பங்குகளில் பரவிய அமைப்பு அன்பியம்: ஒரு தெரு அல்லது சில தெருக்களில் வாழும் இருபது முப்பது குடும்பங்கள், ஒவ்வொரு முறையும் ஒரு வீட்டில் கூடி, விவிலியம் வாசித்து, அதைத் தங்கள் அன்றாடச் சிக்கல்களோடு பொருத்திப் பேசும் சிறு குழு. அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் பல்கலைக்கழகப் பணியாளர்களும் குடியேறி வளர்ந்த நாகமலை புதுக்கோட்டை போன்ற புறநகரில் இவ்வகைக் கூட்டத்துக்குத் தனிப் பயன் உண்டு; ஊரும் உறவும் விட்டு வந்தவர்கள் பக்கத்து வீட்டாரைப் பெயர் சொல்லி அறிவதற்கு அது வழி. சீர்திருத்த சபைகளில் வீட்டு ஜெபக்கூட்டமும் ஞாயிறு பள்ளியும் இதே வேலையைச் செய்கின்றன. 

அரசரடிக் கல்லூரி இதே கேள்வியை வேறு திசையிலிருந்து அணுகியது. போதகராகப் படிப்பவரைச் சாமானியரிடம் அனுப்பிப் பாடம் கேட்கச் செய்வதற்காக, மாணவர்கள் குடிசைப் பகுதிகளில் தங்கிப் படிக்கும் முறையை அது கொண்டுவந்தது. அங்குக் கற்பித்த தியோபிலஸ் அப்பாவு, பரட்டை என்ற பெயரால் பரவலாக அறியப்பட்டவர், வழிபாட்டைச் சேரி மக்களின் பேச்சிலும் பறை உள்ளிட்ட நாட்டுப்புற இசையிலும் அமைத்தார். ஒரே உலையில் பொங்கி எல்லோரும் சேர்ந்து உண்பதைத் திருவிருந்தின் உட்பொருளாக அவர் விளக்கினார். 1847இல் மேலிருந்து கட்டளையாக வந்து முறிந்துபோன பொதுப்பந்தி, ஒன்றரை நூற்றாண்டு கழித்துத் தலித் மக்களின் சொந்தக் கோரிக்கையாக, அவர்கள் தாளத்தில் எழுந்ததாக இதைக் கொள்ளலாம்.

போப் பிரான்சிஸ், வேதியர் பணியை நிலையான திருப்பணியாக ஏற்படுத்தும், 2021ஆம் ஆண்டு மே 10 தேதியிட்ட மடலை வெளியிட்டார். இனி ஆண், பெண் இருபாலரையும் ஆயர் ஒரு சடங்கின் மூலம் இப்பணியில் அமர்த்தலாம். பயிற்சி எவ்வளவு காலம், தகுதி என்ன என்பவற்றை அந்தந்த நாட்டு ஆயர் பேரவைகள் வகுக்க வேண்டும். பெஸ்கி அவர்களுக்காக நூல் எழுதி ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் கழித்துக் கிடைத்த ஏற்பு இது. திருச்சபைப் பணிக்கு நிலையாகத் தங்களை அளிக்கும் பொதுநிலையினருக்குத் தம் குடும்பத் தேவைகளுக்கு ஏற்ற ஊதியமும் காப்பீடும் பெற உரிமை உண்டு என்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் ஏற்கெனவே கூறுகிறது. பட்டம் பெற்ற புதிய வேதியருக்கு அந்த உரிமை எந்த அளவில் கிடைக்கும் என்பது, ஏட்டைவிட, அவர் பணிசெய்யும் பங்கின் காணிக்கை வரவையும் அதை எப்படிச் செலவிடுவது என்று முடிவு செய்யும் பங்குப் பேரவையையும் பொறுத்ததாகவே இருக்கிறது.